குழாய்: உண்டு

ஜூன் 4

அண்ணிக்கு,

நலம், நலமறிய அவா என்று எழுத மனம் வரவில்லை. போன வாரம் நீங்கள் நான்கு முறை போன் செய்தீர்கள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் எனக்கு வாய் வராது. வந்தாலும் அழுகைதான் வரும். அதை உங்கள் காதில் போட விருப்பமில்லை.

திங்கட்கிழமை அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். சிகிச்சை நிலையத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செப்டம்பர் மாதக் கடைசியோடு நிலையம் மூடப்படுகிறதாம். வெளிநாட்டு உதவி பெறத் தகுதியுள்ள வட்டாரங்களின் பட்டியலிலிருந்து எங்கள் வட்டாரத்தை எடுத்துவிட்டார்களாம். கீழே ஒரு முத்திரை இருந்தது. நீங்கள் அப்பாவுக்கு அனுப்பிய பேனாவில் இருக்கும் அதே முத்திரை.

நர்ஸம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க அண்ணி அந்த ஆபீஸ்லதானே இருக்காங்க? அவங்களுக்குத் தெரியாமலா இது நடந்திருக்கும்?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கையில் ஊசியோடு படுத்திருந்த அப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "எம் பையன் பொண்டாட்டி அங்க ஏசி ரூம்ல உக்காந்து நம்மளக் கழிச்சுக் கட்டிட்டா."

அடுத்த டயாலிசிஸ் இயந்திரம் இருக்கும் ஊருக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். வாரத்துக்கு மூன்று நாள் அப்பா அப்படிப் போய்வர முடியுமா முடியாதா என்று படித்த நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 19

பூனைக்கு,

உன் அண்ணன் வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன். சத்தமே இல்லாமல் வந்து பிறாண்டிவிட்டுப் போகிறாய், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். பழைய விதி ஒன்று இருந்தது. ஒரு நாட்டின் சராசரி வருமானம் மூன்று வருடம் தொடர்ந்து ஒரு கோட்டைத் தாண்டினால், அந்த நாடு முழுவதற்கும் உதவி நின்றுவிடும். தலைநகரில் இருக்கும் துறைமுகமும் கண்ணாடிக் கட்டடங்களும் நம் நாட்டை அந்தக் கோட்டுக்கு மேலே தூக்கிவிட்டன. விதி அப்படியே இருந்திருந்தால் உன் அப்பாவின் இயந்திரம் போன வருடமே நின்றிருக்கும்.

அந்த விதியைத் திருத்தும் குழுவில் நான் இரண்டு வருடம் தொண்டை வறள வாதாடினேன். சராசரியைப் பார்க்காதீர்கள், வட்டாரம் வட்டாரமாகப் பாருங்கள், வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துக் கேள்வி, வசதி ஒன்றுக்கு ஒரு புள்ளி. வட்டாரத்தின் சராசரி ஆறுக்குக் கீழே இருந்தால் உதவி தொடரும். நம் வட்டாரம் நாலைத் தாண்டாது என்று நான் நினைத்தேன். ஆறு புள்ளி இரண்டு என்று வந்தது. கூட்டத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கணக்கெடுப்பைச் செய்தது யார்? முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள், எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே கையொப்பம். நாலு பேரோடு பேசிப் பழகட்டும் என்று அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் 'குறிப்பு' என்று ஒரு கோடு இருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டிலும் அந்தக் கோடு காலி.

உன் அப்பாவிடம் ஒன்று சொல். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் என்னை மருமகள் என்று சொன்னதில்லை. 'எம் பையன் பொண்டாட்டி', அவ்வளவுதான். அந்தப் பொண்டாட்டிதான் இத்தனை நாள் அவருக்கு அந்த ஊசி கிடைக்கப் போராடினாள்.

அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு,

அப்படியென்றால் தப்பு என்னுடையது. நல்லது. நானும் உங்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

உங்கள் ஏழாவது கேள்வி: வீட்டில் குழாய் உள்ளதா? உள்ளது. ஆறு வருடத்துக்கு முன் உங்கள் ஆட்களே வந்து தெரு முழுக்கப் போட்டுக் கொடுத்த குழாய். போட்ட நாளில் போட்டோ எடுக்க மட்டும் தண்ணீர் வந்தது. இப்போது எங்கள் வீட்டுக் குழாயில் அப்பாவின் துண்டு காய்கிறது. ஆனால் கேள்வி குழாயைப் பற்றியது, தண்ணீரைப் பற்றியது அல்ல. கேட்டதற்குப் பதில் எழுதினேன்.

ஒன்பதாவது கேள்வி: நடந்து போகும் தூரத்தில் சிகிச்சை நிலையம் உள்ளதா? உள்ளது. அது உங்கள் உதவியில்தான் நடக்கிறது. அது இருப்பதால் எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி ஏறியது. அந்தப் புள்ளி ஏறியதால் அதை மூடுகிறீர்கள். இந்தக் கேள்வியை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை, நீங்கள்தான் என்று தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிகிறது. இரண்டு பட்டம் வாங்கிய உங்களுக்குத் தெரியவில்லை.

நான் ஏன் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்களும் அண்ணனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினீர்கள். அப்பாவுக்கு அருகில் யாராவது இருக்க வேண்டும் என்று மிச்சமிருந்தவள் நான்.

குறிப்பு எழுதவில்லை என்கிறீர்கள். எழுத வேண்டும் என்று எந்த இடத்திலும் போடவில்லை. வெளியில் நின்று பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்குக் குறிப்பு எதற்கு?

உங்கள் நாத்தனார்


ஜூலை 12

பூனைக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். வெளியில் நின்று பார்த்தாலே தெரிகிற விஷயம்.

உடனே கீழ்த்தளத்துக்குப் போய்ப் படிவக் கட்டுகளை எடுத்து வரச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுத வேண்டும் அல்லவா? நீ ஒழுங்காக எழுதியிருக்கிறாய். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம். சில வீட்டுக்கு ஒன்று. பத்துக் கேள்வியைக் கேட்கவே ஐந்து நிமிடம் ஆகும். நீ ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டவில்லை. தெருவில் நின்றபடி, கண்ணில் பட்டதற்கெல்லாம் சரிக்குறி போட்டுக்கொண்டே போயிருக்கிறாய்.

படிவ எண் நூற்று நாற்பத்தொன்று. நம் வீடு. குழாய்: உண்டு. நீண்டகால நோயாளி: இல்லை. நேரம்: ஒரு நிமிடம். சொந்த வீட்டு வாசலிலுமா உனக்குக் கூச்சம்? உள்ளே உன் அப்பா படுத்திருந்தாரே, பூனை.

பள்ளியை விட்டதற்கு என்னைக் காரணம் சொல்லாதே. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றவள் நீ. தமிழ் டீச்சர் உன்னை எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார். அதற்கு அடுத்த நாளிலிருந்து நீ பள்ளிக்குப் போகவில்லை. அப்பாவின் நோய் அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணனிடம்கூட. இப்போது சொல்ல வைத்துவிட்டாய்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. முதல் கணக்கெடுப்பு வீட்டாரைக் கேட்காமல் செய்யப்பட்டது என்று அதைச் செய்தவரே எழுதிக் கையொப்பமிட்டு, குலுக்கலில் வரும் நாற்பது வீடுகளுக்கு மறுபடி போய்க் கேட்டு அனுப்பினால், குழு மறுபரிசீலனை செய்யும். வேறு ஆளை அனுப்ப விதியில் இடமில்லை. ஆகஸ்ட் 20க்குள் வந்து சேர வேண்டும். நாற்பதில் ஒன்று குறைந்தாலும் தள்ளுபடி. குலுக்கல் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனம். முதல் பக்கத்தில் 'விதித் திருத்தக் குழுவில் உங்களுக்கு உறவினர் உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன முறை நான் சொன்னபடி 'இல்லை' என்று போட்டாய். இந்த முறையும் அப்படியே போடு.

அண்ணி


ஜூலை 24

அண்ணிக்கு,

ஆமாம். தட்டவில்லை.

முதல் நாள் ஒரே ஒரு கதவைத் தட்டினேன். மூலையில் இருக்கும் மெக்கானிக் வீடு. அவர் மனைவி திறந்து, "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். வீட்டில் இருபது தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. படிவத்தை நீட்டினேன். அவர் உள்ளே திரும்பி, "ஏங்க, வாய் பேசாத பொண்ணு ஒண்ணு காகிதத்தோட வந்து நிக்குது, பாவம், ஏதாச்சும் குடுங்க" என்றார். மெக்கானிக் வந்து ஒரு காசைக் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் அந்தக் காசை வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வேண்டுமே.

அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்து நிழலில் நின்றே எழுதினேன். எங்கள் வீட்டையும் அப்படித்தான். அன்றைக்குக் கை ஓடிக்கொண்டிருந்தது. எந்த வீடு என்றே பார்க்கவில்லை. அது பொய். பார்த்தேன். உள்ளே போனால் அப்பா, "இன்னிக்கு எத்தனை பேர்கிட்ட பேசினே?" என்று கேட்பார். அதற்குப் பயந்துதான் போகவில்லை.

இதை எழுதுவதால் உங்களை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பேச வாயில்லாத ஒருத்தியை முந்நூறு வீட்டுக்கு அனுப்பியது யார்? நீச்சல் தெரியாதவளைக் கிணற்றில் தள்ளிவிட்டு, ஏன் கையை ஆட்டவில்லை என்று இப்போது கேட்கிறீர்கள்.

நாளைக்குத் தொடங்குகிறேன். அந்தக் கட்டத்தில் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 1

பூனைக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். போனை எடுத்திருந்தால் இந்தச் செலவும் அவசரமும் தேவைப்பட்டிருக்காது.

குழுவில் உள்ளவரின் உறவினர் கணக்கெடுக்கக் கூடாது என்பது விதி. நீ 'உண்டு' என்று போட்டால் நான் குழுவில் இருக்க முடியாது. வேலையே போகலாம். என் வேலை போனால் என் விசா போகும். உன் அண்ணன் இங்கே இருப்பது என் விசாவில். உன் அப்பாவுக்காக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு உன் அண்ணனைத் தெருவில் நிறுத்தாதே.

ஏன் உன்னைப் போட்டேன் என்று கேட்கிறாய். உன் கூச்சம் தெளியட்டும் என்பது பாதிதான். வேறு யாராவது போனால் நம் ஊர் நிலைமையை நம்ப மாட்டார்கள் என்று பயந்தேன். நம் வீட்டுப் பெண் நம் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டாள், கொஞ்சம் குறைத்தே எழுதுவாள் என்று நினைத்தேன். நீ கூட்டி எழுதினாய். இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. வந்தாலும் சிரிக்க முடியவில்லை.

'இல்லை' என்று போடு. மூன்று எழுத்து. உன்னிடம் இதுவரை நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போதும் கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 11

அண்ணிக்கு,

நாற்பதும் முடிந்தது. மூலப் படிவங்களைக் காலையில்தான் குழுவுக்குத் தபாலில் சேர்த்தேன். உங்களுக்குத் தெரியாமல் எதையும் செய்ததாக இருக்க வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

முதல் வீடாக மெக்கானிக் வீட்டுக்கே போனேன். அந்தம்மா பார்த்ததும், "காசு வாங்கிட்டுப் போன பொண்ணுதானே நீ?" என்றார். காசை நீட்டினேன். "வீட்டுல குழாய் இருக்கா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. "அடிப்பாவி, உனக்குப் பேச்சு வருமா?" என்றார். பிறகு, "வச்சுக்கோ, வாய் வந்ததுக்கு" என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே கூட்டிப்போய்க் குழாயைக் காட்டினார். அதில் சைக்கிள் பூட்டியிருந்தது.

தையல்காரர், "கூரை உறுதியானதா?" என்ற கேள்விக்கு, "கூரை ரொம்ப உறுதி. வெளிநாட்டுத் தகரமாச்சே. சுவர்தான் இல்ல, பாத்துக்கோ" என்றார். உண்மைதான். நாலு கம்பத்தின் மேல் தகரம் நிற்கிறது, சுற்றிலும் சேலை கட்டியிருக்கிறது. போன முறை நான் தகரத்தை மட்டும் பார்த்தேன்.

'டிவி உண்டா' என்றதற்கு ஒரு பாட்டுக்காரர், "இருக்கும்மா. ரிப்பேராகி மூணு வருஷம் ஆச்சு. உள்ள எலிதான் படம் ஓட்டுது" என்றார். எல்லாவற்றையும் சொன்னபடியே குறிப்பில் எழுதினேன். கோடு போதவில்லை. தாளின் பின்பக்கமும் எழுதினேன். இருபதாவது வீட்டுக்கு மேல் அவர்களே என்னைக் கூப்பிட்டு, "எழுதிக்கோ, இதையும் எழுதிக்கோ" என்றார்கள். ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆனது.

குலுக்கல் பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயரை நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. படிவ எண் நூற்று நாற்பத்தொன்று.

எங்கள் வீட்டுக் கதவை வெளியிலிருந்து தட்டினேன். "தொறந்துதானே கெடக்கு, எவன் அது?" என்றார் அப்பா. உள்ளே போய் அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "கணக்கெடுப்பு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "சரி, கேளுங்க" என்றார். என்னிடம்தான், 'ங்க' போட்டு.

குழாய், கூரை, நோய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்தாவது கேள்வி உங்களுக்குத் தெரியும்: வீட்டைச் சேர்ந்தவர்கள் யார் யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள், உறவு என்ன, எங்கே வேலை? பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். "என்ன, நிறுத்திட்டீங்க?" என்றார். நீங்கள் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அண்ணனின் விசாவைப் பற்றியும் சொன்னேன். வெகு நேரம் கையில் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நாப்பது வீட்டுல முப்பத்தேழு வீட்டுக்காரன் உள்ளத உள்ளபடி சொல்லியிருக்கான். நம்ம வீட்டுல மட்டும் மூடி மறைக்கவா? எழுதுங்க" என்றார்.

அண்ணனையும் உங்களையும் உங்கள் அலுவலகத்தையும் எழுதினேன். எழுதிய பிறகு முதல் பக்கத்தில் 'இல்லை' என்று போட முடியாது. இந்த ஒரு வீட்டை விட்டால் முப்பத்தொன்பது. தள்ளுபடி. அதை எழுதியவர் நீங்கள்தான்.

முதல் பக்கக் கட்டத்தில் 'உண்டு' என்று போட்டேன்.

அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு நாற்பது வீட்டில் வந்த வாய் அவரிடம் வராது.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 22

பூனைக்கு,

ஏழு வாரம் எழுதவில்லை. எழுதினால் திட்டித்தான் எழுதியிருப்பேன். இப்போதும் அந்த எண்ணம் போய்விடவில்லை.

முடிவை முதலில் சொல்கிறேன். உறவை நீயே ஒளிக்காமல் எழுதியதால் உன் படிவங்களை ஏற்றுக்கொண்டார்கள். நம் வட்டாரத்தின் சராசரி இப்போது மூன்று புள்ளி ஏழு. சிகிச்சை நிலையம் இரண்டு வருடத்துக்குத் தொடரும். அறிவிப்பு இந்நேரம் அங்கே வந்திருக்கும். ஒன்பதாவது கேள்வியை எடுத்துவிட்டார்கள். ஏழாவது கேள்வி, 'கடந்த ஏழு நாளில் குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது' என்று மாறுகிறது. நம் வட்டாரத்துக்கு மட்டுமல்ல, எல்லா நாடுகளுக்கும். உன் படிவங்களைக் கூட்டத்தில் வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்த எலிப் படத்தில் சிக்கிக்கொண்டு தவித்தார். நான் அப்போது அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டிருந்தேன். கதவு வழியாகச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில், படிவக் கட்டுகள் இருக்கும் அறையில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. ஒப்பந்தம் மார்ச் வரை. அதற்குப் பிறகு விசா என்ன ஆகும் என்று தெரியாது. உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. உன்னோடும் பேசப் போவதில்லை என்கிறார். நீ வளர்ந்த வீட்டைப் போலவே எங்கள் வீடும் இப்போது சத்தமில்லாமல் இருக்கிறது, பூனை.

உன்னை இனி எந்தக் கணக்கெடுப்பிலும் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பேச்சு வந்த நேரத்தில்.

நீ செய்தது சரி என்று என் வாயால் சொல்ல மாட்டேன். கட்டத்தில் பொய் போடச் சொன்னது நான்தான். ஆனால் உனக்கு வாய் வந்ததும் முதலில் கடித்தது என்னைத்தான். அதை மறக்க மாட்டேன்.

நேற்று நூற்று நாற்பத்தொன்றாம் படிவம் என் மேஜைக்கு வந்தது, அடுக்கி வைக்க. பத்தாவது கேள்வி, உறவு: மருமகள் என்று இருக்கிறது. அந்த வார்த்தை உன் அப்பா சொன்னதா, நீயாகப் போட்டதா? உண்மையை மட்டும் எழுது. ஆறுதலுக்காக எதையும் எழுத வேண்டாம், எனக்கு அது தேவையில்லை.

அண்ணி


அக்டோபர் 3

அண்ணிக்கு,

அப்பாவுக்கு இன்றைக்கு டயாலிசிஸ் முடிந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்கும் கோபம் போகவில்லை. கேட்டதற்குப் பதில் மட்டும்.

அப்பா சொன்னது 'எம் பையன் பொண்டாட்டி' என்றுதான். உங்கள் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. மகன், மகள், மருமகள், மற்றவர் என்று நாலுதான் இருந்தது. எதில் குறி போடட்டும் என்று கேட்டேன். படிவத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். 'மற்றவர்' மேல் விரலை வைத்தார். வைத்தவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, விரலை எடுத்துக்கொண்டார். "நீயே போடு" என்றார். அந்த ஒரு இடத்தில் மட்டும் 'ங்க' போடவில்லை.

மருமகள் என்று போட்டேன். போட்டதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நாற்பது வீட்டிலும் அப்படித்தான் வாசித்துக் காட்டினேன், தப்பிருந்தால் திருத்தச் சொல்லி.

அவர் திருத்தச் சொல்லவில்லை.